ஈஃபிள் கோபுரத்தடியில் ஒரு பொய்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் மும்பையைச் சுற்றிக் காட்டுவது நம் ஒவ்வொரு வீட்டிலும் நடக்கும் திருவிழா. திருநெல்வேலியிலிருந்து மாமா குடும்பம் முறுக்கு டின்னோடும் கருப்பட்டியோடும் வந்து இறங்கும். முதல் நாள் குளியல், இட்லி, நீண்ட தூக்கம். மறுநாள் காலை புறப்பாடு. கேட்வே ஆஃப் இந்தியா, தாஜ் ஓட்டல் (வெளியிலிருந்து மட்டும்), மெரைன் டிரைவ், தொங்கும் தோட்டம், மகாலட்சுமி கோயில், ஹாஜி அலி. காலில் வலு மிச்சமிருந்தால் இன்னொரு நாள் படகேறி எலிஃபண்டா. மாலையில் சௌபாத்தியில் பேல்பூரி. தொங்கும் தோட்டத்தில் நின்றுகொண்டு மாமா தவறாமல் கேட்பார்: "எல்லாம் தரையிலதானலே நிக்குது? எங்கலே தொங்குது?"

கேட்வேக்கு என்னிடம் ஒரு வர்ணனையே தயாராக இருக்கும். "1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்து இறங்கியதன் நினைவாகக் கட்டியது மாமா. ஆனால் ராஜா வந்தபோது இது இல்லை. அட்டையில் செய்த மாதிரியைத்தான் அவருக்குக் காட்டினார்கள். கட்டி முடித்தது 1924-ல். சரியாக இருபத்து நான்கு வருஷத்தில், 1948 பிப்ரவரியில், வெள்ளைக்காரனின் கடைசிப் பட்டாளம் இதே வாசல் வழியாகக் கப்பலேறிப் போய்விட்டது." மாமா தலையை ஆட்டிவிட்டு, "வாறதுக்குக் கட்டின வாசல், போறதுக்கு உதவியிருக்கு" என்பார்.

இந்தச் சுற்றை நான் முப்பது தடவையாவது நடத்தியிருப்பேன். வந்தவர்கள் எல்லோரும் தங்கியது எங்கள் வீட்டில். 1988-ல் செம்பூருக்கு மாறும் வரை எங்கள் வீடு இருந்தது தாராவியில். ஆனால், "இது தாராவி, இதையும் பாருங்கள்" என்று ஒருவரிடமும் ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை. மாறாக, காலையில் அவர்களைச் சந்து வழியாக வேகவேகமாக நடத்திக்கொண்டு போய் சயான் ஸ்டேஷனில் ஏற்றிவிடுவேன். அங்கிருந்துதான் என் வர்ணனை ஆரம்பமாகும்.

அந்த வழக்கத்தைப் பற்றி நான் யோசிக்க நேர்ந்தது, பல ஆயிரம் மைல் தள்ளி, பாரிஸ் நகரத்தில். அந்தப் பயணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புளிக்காய்ச்சலும் புறப்பாடும்

நான் பணி ஓய்வு பெற்றவன். 2019 மே மாதம், மகன் பணம் கட்ட, நானும் என் மனைவியும் ஒரு சுற்றுலாக் குழுவோடு ஐரோப்பா புறப்பட்டோம். மும்பையிலிருந்து போகும் இத்தகைய குழுக்களைப் பற்றி வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். குஜராத்திகளும் மராட்டியர்களும் நம்மவர்களும் கலந்து நாற்பது பேர். காலையில் போஹா, இரவில் தால் சாவல் என்று சாப்பாட்டுக்கு உத்தரவாதம் தந்திருந்தார்கள். ஆனாலும் என் மனைவி நம்பவில்லை. புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், இட்லிப்பொடி ஒரு பொட்டலம், எலுமிச்சை ஊறுகாய் ஒரு டப்பா என்று பெட்டியில் கால்வாசியை அவளே பிடித்துக்கொண்டாள். மூன்றாம் நாளே அந்த இட்லிப்பொடியைப் பிரெட்டில் தடவிச் சாப்பிட ஒரு குஜராத்திக் குடும்பமே எங்கள் மேசைக்கு வந்துவிட்டது என்பது வேறு கதை.

விசா விண்ணப்பத்தில் முகவரி எழுதும்போது எனக்கு ஒரு பழைய நினைவு வந்தது. 1970-களில் வேலைக்கு மனுப் போட்ட காலம். தாராவி முகவரி எழுதி அனுப்பிய மனுக்களில் ஒன்றுக்கும் பதில் வரவில்லை. பிறகு சயானில் இருந்த ஒரு நண்பனின் முகவரியைப் போட்டு அனுப்பினேன். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. காரணம் முகவரிதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அன்றிலிருந்து யார் கேட்டாலும் "சயான் பக்கம்" என்று சொல்லப் பழகிவிட்டேன். தாராவியில் வளர்ந்த பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. சிலர் மாஹிம் என்பார்கள், சிலர் பாந்த்ரா ஈஸ்ட் என்பார்கள். செம்பூருக்கு வந்த பிறகு எனக்கு அந்தக் கவலையும் தீர்ந்தது.

லண்டனில் ஒரு வி.டி. ஸ்டேஷன்

முதலில் லண்டன். பிக் பென் கடிகாரத்தைப் பார்க்கப் போனால், கோபுரம் முழுக்கச் சாரம் கட்டி மூடியிருந்தது! 2017-ல் தொடங்கிய பழுதுபார்ப்பு வேலை. அது முடிந்தது 2022-ல்தான். அந்தப் பெரிய மணியும் அடிக்காமல் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. என் மனைவி அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏங்க, சாரம் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? நம்ம யுனிவர்சிட்டி மணிக்கூண்டே இதைவிட நல்லாத் தெரியுமே" என்றாள்.

விளையாட்டாகச் சொன்னாளானாலும் அதில் விஷயம் இருக்கிறது. மும்பைப் பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் கோபுரம் 280 அடி உயரம், 1878-ல் கட்டி முடிந்தது. பணம் கொடுத்தவர் பருத்தி வியாபாரி பிரேம்சந்த் ராய்சந்த். தம் தாயாரின் பெயரையே கோபுரத்துக்கு வைத்தார். அதற்கு வரைபடம் போட்டவர் சர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் என்ற ஆங்கிலேயர். அவர் பம்பாய்க்கு ஒரு நாளும் வந்ததில்லை. லண்டனில் உட்கார்ந்தபடியே வரைந்து அனுப்பினார். கல்லைச் செதுக்கி, சுமந்து, ஏற்றி, கட்டியவர்கள் இங்கே இருந்தவர்கள்.

அதே ஸ்காட் லண்டனில் கட்டிய கட்டடம் ஒன்றை மறுநாள் பார்த்தோம். பாரிஸ் ரயிலுக்காகச் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்துக்குப் போனபோது, அதன் முகப்பில் இருக்கும் ஓட்டலைக் கண்டதும் நான் அப்படியே நின்றுவிட்டேன். கூரான வளைவுகள், சிறு கோபுரங்கள், மணிக்கூண்டு. அச்சு அசலாக நம் வி.டி.க்கு அண்ணன்! அண்ணன் என்பது சரியான சொல்தான். இந்த ஓட்டல் திறந்தது 1873-ல். எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வி.டி.யைக் கட்ட ஆரம்பித்தது 1878-ல். முடிய பத்து வருஷமாயிற்று. விக்டோரியா ராணியின் பொன்விழா ஆண்டான 1887-ல் அதற்கு ராணியின் பெயரைச் சூட்டினார்கள். 1996-ல் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் ஆனது, 2017-ல் அத்துடன் 'மஹராஜ்' சேர்ந்தது, 2004-லேயே உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆகிவிட்டது. ஆனாலும் நம்மவர் வாயில் இன்னும் அது வி.டி.தான்.

தம்பிக்கும் அண்ணனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வி.டி.யின் சுவர்களில் மயிலும் குரங்கும் அணிலும் இலையும் பூவும் நிறைந்திருக்கின்றன. அவற்றைச் செதுக்கியவர்களில் நம் ஜே.ஜே. கலைப்பள்ளி மாணவர்களும் உண்டு. வாசல் தூண்களில் ஒன்றின்மேல் சிங்கம், மற்றொன்றின்மேல் புலி. சிங்கம் இங்கிலாந்துக்கு, புலி இந்தியாவுக்கு.

அந்தப் புலியை என் அப்பா மறக்கவே இல்லை. 1950-ல் ஊரிலிருந்து எழும்பூர் வந்து, அங்கிருந்து சென்ட்ரலுக்கு நடந்து, மதராஸ் மெயிலில் ஏறி, வி.டி.யில் இறங்கினார். கையில் ஒரு தகரப்பெட்டி, சட்டைப்பையில் முகவரி எழுதிய ஒரு தபால் கார்டு. கூட்டிப்போக வருவதாகச் சொன்ன பங்காளி வரவில்லை. வெளியே வந்து பார்த்தால் அரண்மனை மாதிரி கட்டடம். "ஏதோ ராசா வீட்டுக்குள்ள தெரியாம நொழைஞ்சிட்டமோன்னு பயந்துட்டேன்" என்பார். பகல் முழுக்கப் புலிக்குக் கீழே பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் தமிழ் பேசிய ஒரு கூலியாள் இரக்கப்பட்டு டிராமில் ஏற்றிவிட்டான். தாதர் டி.டி. என்று இன்றும் சொல்கிறோமே, அது அந்த நாளின் டிராம் டெர்மினஸ்தான். டிராம் 1964-ல் நின்றுவிட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. அங்கே இறங்கி, கேட்டுக் கேட்டு நடந்து, இருட்டிய பிறகு தாராவி சேர்ந்தார். மறுநாள் காலை ஒரு டேனரியில் தோல் ஊறவைக்கும் தொட்டியில் இறங்கினார்.

செயின்ட் பாங்க்ரஸ் வாசலில் நின்று இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். குழுத் தலைவர் கொடியை ஆட்டினார். யூரோஸ்டார் ரயில் புறப்பட்டது. கடலுக்கடியில் முப்பத்தெட்டு கிலோமீட்டர் போகும் சுரங்கம், 1994-ல் திறந்தது. மீன் தெரியுமென்று சன்னலோரம் உட்கார்ந்த என் மனைவிக்கு ஏமாற்றம். ஒரே இருட்டு! இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம், பாரிஸ் வந்துவிட்டது.

பிள்ளையாருக்கு விசா வேண்டாம்

பாரிஸில் ரயில் நிற்கும் நிலையம் கார் து நோர். அதிலிருந்து பொடிநடையாகப் போனால் லா ஷப்பேல் என்ற வட்டாரம். அதற்குள் நுழைந்ததும் என் மனைவிக்கு உயிர் வந்துவிட்டது. தமிழில் எழுதிய பெயர்ப்பலகைகள், புடவைக்கடை, நகைக்கடை, முருங்கைக்காய், வாழைப்பூ, மல்லிகைச் சரம்! 1980-களில் இலங்கையில் நிலைமை மோசமானபோது உயிருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் உருவாக்கிய கடைத்தெரு அது. பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் கோயில். ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசி வாக்கில் பிள்ளையார் தேரேறி பாரிஸ் வீதியில் வருகிறார். நடுத்தெருவில் தேங்காயை மலையாகக் குவித்து உடைக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் நடைபாதையில் நின்று படம் பிடிக்கிறார்கள்.

கடைக்காரர் ஒருவர், "எவடம் அண்ணை?" என்று கேட்டார். "பம்பாய்" என்றேன். "பம்பாயிலயும் தமிழ் ஆக்கள் இருக்கினமோ?" என்றார். "எங்கள் பக்கத்துப் பிள்ளையார் கோயில் 1913-ல் கட்டியது" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் வியந்துபோனார். அது தாராவிப் பிள்ளையார் கோயில் என்பதை மட்டும் சொல்லவில்லை. வழக்கம்.

அந்தக் கோயில் பெரிய கோபுரத்தோடு இருப்பதல்ல. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த எளிய உழைப்பாளிகள் ஒன்று சேர்ந்து எழுப்பியது. ஊரில் சில கோயில் வாசல்கள் அவர்களுக்குத் திறக்காத காலம் அது. இங்கே வந்து தங்களுக்கென்று ஒரு வாசலைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள்.

கோபுரத்தடியில்

மறுநாள் ஈஃபிள் கோபுரம். அதைப் பற்றி நான் முன்கூட்டியே படித்து வைத்திருந்தேன். 1887 ஜனவரியில் ஆரம்பித்து, 1889 பொருட்காட்சிக்காக இரண்டு வருஷம் சொச்சத்தில் முடித்தார்கள். பதினெட்டாயிரம் இரும்புத் துண்டுகள், இருபத்தைந்து லட்சம் ஆணிகள். தினமும் நூற்றைம்பது முதல் முந்நூறு பேர் வரை வேலை செய்தார்கள். அன்றைய பாரிஸ் எழுத்தாளர்களும் ஓவியர்களும் கூடி, 'இந்த அசிங்கம் நம் நகரத்துக்கு அவமானம்' என்ற பொருளில் 1887 பிப்ரவரியிலேயே பத்திரிகையில் கண்டன அறிக்கை விட்டார்கள். இருபது வருஷம் கழித்துப் பிரித்துவிடுவதாகத்தான் அனுமதி. பிறகு வானொலி அனுப்ப உயரமான இடம் தேவைப்பட்டதால் தப்பித்தது. அன்றைக்கு அவமானம் என்று சொன்னதைப் பார்க்கத்தான் இன்று உலகமே வரிசையில் நிற்கிறது. நாங்களும் நின்றோம்.

முதல் தளத்துக்குக் கீழே சுற்றிலும் எழுபத்திரண்டு பேருடைய பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். எல்லோரும் விஞ்ஞானிகள், பொறியாளர்கள், கணித மேதைகள். ஆணியடித்தவர்களின் பெயர் அந்த வரிசையில் இல்லை. நான் அதைச் சொன்னதும் எனக்கு முன்னால் நின்ற பெண்மணி திரும்பிப் பார்த்தார். நெதர்லாந்து நாட்டுக்காரர், ஓய்வு பெற்ற ஆசிரியை. "எந்த ஊர்?" என்றார். "மும்பை" என்றேன். உடனே அவர் முகம் மலர்ந்தது. "நான் மும்பை வந்திருக்கிறேன். தாராவிக்குப் போனேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாஜ்மகாலுக்குப் போனேன் என்பதுபோல அவர் அதைச் சொன்னார்.

வரிசை நகர நேரமாயிற்று. அவர் விவரமாகச் சொன்னார். வழிகாட்டி ஒரு தாராவிப் பையன். படம் எடுக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டான். அதனால் அவர் கண்ணால் பார்த்ததை மனத்தில் பிடித்து வைத்திருந்தார். பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து அரைக்கும் இடம், பழைய பெயிண்ட் டின்களைச் சுத்தம் செய்யும் இடம், கும்பார்வாடாவில் மண்பானைச் சூளை, கூடைமேல் காயும் அப்பளம், தோல்பை தைக்கும் அறை. "ஏழ்மையைப் பார்க்கப் போகிறேன் என்று நினைத்துப் போனேன். ஆனால் ஒருவர்கூடச் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பிறர் உழைப்பதை நான் காசு கொடுத்து வேடிக்கை பார்த்தது சரியா என்று இன்றும் எனக்குச் சந்தேகம்தான்" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "அந்த மனிதர்கள் எல்லாம் எங்கிருந்து வந்தவர்கள்? முதன்முதலில் யார் வந்தார்கள்? உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும். அந்தக் கோபுரத்தடியில் நின்ற ஆயிரக்கணக்கான பேரில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

"எனக்கு அவ்வளவாகத் தெரியாது. நான் வேறு பக்கம்" என்றேன்.

அவர் தலையசைத்தார். வரிசை நகர்ந்தது. என் மனைவி ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் தளத்தில் நின்று ஊரெல்லாம் பார்த்தோம். சேன் நதி, தூரத்தில் நோத்ர் தாம் தேவாலயம். ஒரு மாதத்துக்கு முன்னால்தான், ஏப்ரல் 15-ந் தேதி, அதன் கூரை எரிந்து விழுந்திருந்தது. எண்ணூறு வருஷத்துக்கு மேற்பட்ட கோயில், ஒரே மாலையில் கூரையை இழந்து நின்றது. (2024 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள்.) அதைப் பார்த்தபடியே என் மனைவி மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க, மாமா அந்தத் தொட்டியில நின்னுதானே உங்களப் படிக்க வச்சாங்க? அதைச் சொல்றதுக்கு என்ன?"

என்னிடம் பதில் இல்லை.

1887

ஊர் திரும்பிய பிறகு மனம் அடங்கவில்லை. அந்த ஆண்டுதான், ஒரு பெரிய பயணத் தளம் வெளியிட்ட பயணிகள் விருப்பப் பட்டியலில் தாராவிச் சுற்றுலா தாஜ்மகாலையே முந்திவிட்டது என்று செய்தி வந்தது. அந்தப் பெண்மணி மட்டுமல்ல, எத்தனையோ பேர் வந்துகொண்டிருக்கிறார்கள். நான் பார்க்காததை அவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று தாராவியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஆதியில் அது மாஹிம் கழிமுகத்தின் ஓரத்தில் இருந்த கோலி மீனவர் ஊர். சதுப்பு நிலம். முதல் டேனரி அங்கே வந்தது 1887-ல். பெரிய மசூதி எழும்பியதும் 1887-ல். நகரத்துக்குள் வேண்டாம் என்று ஒதுக்கிய தோல் வேலையை நகரத்தின் விளிம்புக்குத் தள்ளினார்கள். அந்த வேலைக்கு நம் நெல்லைச் சீமை ஆட்கள் வந்தார்கள். சௌராஷ்டிரத்திலிருந்து குயவர்கள் வந்தார்கள். பிறகு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் தையற்காரர்கள். குப்பையும் மண்ணும் கொட்டிச் சதுப்பை மேடாக்கி, குடிசை போட்டு, குடிசையைக் கல்வீடாக்கி, இருநூறு ஹெக்டேர் சொச்ச நிலத்தில் பல லட்சம் பேர் வாழும் ஊரை உண்டாக்கியவர்கள் இவர்கள்தான்.

1887! வி.டி.க்கு ராணியின் பெயர் வைத்த அதே வருஷம். ஈஃபிள் கோபுரத்துக்கு அடித்தளம் தோண்டிய அதே வருஷம். மூன்றும் ஒரே வயது. முதல் இரண்டையும் பற்றி எனக்கு அடி, அங்குலம் வரை தெரியும். மூன்றாவது நான் பிறந்த இடம்.

டிக்கெட் இல்லாத இடம்

என் பேரனுக்கு அப்போது பத்து வயது. 2020 பொங்கலன்று அவனை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். முதலில் வி.டி. புலிக்குக் கீழே நிற்கவைத்து அவன் கொள்ளுத்தாத்தாவின் கதையைச் சொன்னேன். பிறகு ரயிலேறி மாட்டுங்கா. கோயிலில் ஒரு கும்பிடு, வாழையிலைக் கடை, பூக்கடை, ஒரு ஃபில்டர் காப்பி. மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவில் இருப்பது ஒரு ரயில் பாதைதான். இந்தப் பக்கம் சபாவும் கச்சேரியும், அந்தப் பக்கம் தொட்டியும் தையல் மெஷினும். இரண்டு பக்கமும் தமிழர்கள். ஆனால் அந்தத் தண்டவாளத்தைக் கடந்து போய்வந்தவர்கள் குறைவு. நம் சங்கங்களில்கூட அப்படித்தான் இருந்தது. சொன்னால் தவறில்லை.

90 அடி சாலைக்கு வந்ததும் பையன் வாயடைத்துப் போனான். பெண்கள் தெருவோரம் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். கரும்பு, மஞ்சள் கொத்து, குலவைச் சத்தம். அவனுக்குத் தாராவி என்றால் 'கல்லி பாய்' சினிமாதான். எனக்கு ஒரு காலத்தில் 'நாயகன்' வந்தபோது ஏற்பட்ட பெருமையும் கூச்சமும் நினைவுக்கு வந்தன. அந்தப் படத்தின் தாராவிகூட மதராஸில் போட்ட செட்தான்!

"நீ செம்பூரில் சைக்கிள்காரரிடம் வாங்கிச் சாப்பிடும் இட்லி எங்கே அவிகிறது தெரியுமா?" என்று ஒரு சந்தைக் காட்டினேன். விடிவதற்கு முன்னே இங்கே அவித்து, பாத்திரத்தில் அடுக்கி, சைக்கிளில் வைத்து, 'பாம் பாம்' என்று ஹாரன் அடித்துக்கொண்டு மும்பை முழுக்கப் போகிறார்கள் நம் தமிழ்ப் பையன்கள். அவன் சைக்கிள்களை எண்ண ஆரம்பித்துவிட்டான்.

எங்கள் பழைய சந்தைக் கண்டுபிடிக்கச் சிரமப்பட்டேன். டேனரிகள் போய் வெகுகாலமாயிற்று, வாடையும் போய்விட்டது. எங்கள் கோலி இருந்த இடத்தில் மாடி வைத்திருந்தார்கள். கீழே நான்கு பேர் தோல்பை தைத்துக்கொண்டிருந்தார்கள். பீகார்க்காரர்கள். வாசலில் தயங்கி நின்ற என்னைப் பார்த்து மூத்தவர் இந்தியில், "என்ன வேண்டும் பாய்சாப்?" என்றார்.

"ஒன்றுமில்லை. நான் இந்த அறையில் பிறந்தவன்" என்றேன்.

அறுபத்து மூன்று வயதில், அன்னியர் ஒருவரிடம் அதை நான் சொன்னது அதுவே முதல் தடவை. அவர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். கட்டிங் சாயா வந்தது. பேரன் அறையைக் காலடியால் அளந்தான். நீளம் பன்னிரண்டு அடி, அகலம் பத்து. "இதுல எத்தனை பேர் தாத்தா இருந்தீங்க?" "ஏழு பேர். ஊரிலிருந்து யாராவது வந்தால் பதினொன்று." அந்த அறையில், தெருவிளக்கு விழும் மூலையில் உட்கார்ந்துதான் நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிப் பாடங்களைப் படித்தேன். அப்பாவின் கைகளில் சுண்ணாம்பும் பட்டைச்சாறும் தின்ற தடம் கடைசி வரை போகவில்லை. அந்தக் கையால் அவர் யாருக்கும் சோறு பரிமாற மாட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். பேரனோடு அந்த பீகார்க்காரரும் கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க அப்பாவும் இதே தொழில்தான்" என்றார்.

வெளியே வந்ததும் பையன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டான்: "தாத்தா, இங்க டிக்கெட் கிடையாதா?"

"கிடையாதுப்பா. உன் கொள்ளுத்தாத்தா கட்டிவிட்டார்" என்றேன்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அந்தப் பொங்கலுக்கு மூன்று மாதத்தில் கொரோனா வந்தது. 2020 ஏப்ரலில் தாராவியில் முதல் நோயாளி. அத்தனை நெருக்கமான இடத்தில் என்ன ஆகுமோ என்று உலகமே பயந்தது. ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவரே, பரவலைக் கட்டுப்படுத்திய இடங்களுக்கு எடுத்துக்காட்டாகத் தாராவியைக் குறிப்பிட்டார். செய்தியைக் கேட்டபோது அந்த நான்கு மெஷின்காரர்களை நினைத்துக்கொண்டேன். அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்களோ, திரும்பி வந்தார்களோ!

இப்போது தாராவி மாறப்போகிறது. 2004-ல் அறிவித்த மறுமேம்பாட்டுத் திட்டத்துக்கு 2022-ல் ஏலம் முடிந்து, 2024-ல் வீடு வீடாகக் கணக்கெடுப்பும் தொடங்கியது. நல்ல வீடு வேண்டும், வீட்டுக்குள் கழிப்பறை வேண்டும், மழைக்காலத்தில் சாக்கடை உள்ளே வராமல் இருக்க வேண்டும். பொதுக் கழிப்பறை வரிசையில் நின்று வளர்ந்த எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே இருப்பவர்களுக்கு அங்கேயே இடமும் தொழிலும் கிடைக்க வேண்டும் என்பதும் நம் எல்லோருடைய விருப்பம். ஆனால் சந்துகள் போய்விட்டால், இங்கேதான் தாத்தா தங்கினார், இந்தக் குழாயடியில்தான் பாட்டி தண்ணீர் பிடித்தார் என்று காட்ட இடம் இருக்காது.

ஆகவே அன்பர்களே, லண்டன் போங்கள், பாரிஸ் போங்கள், சிங்கப்பூர் போங்கள். காசு இருந்தால் கட்டாயம் போக வேண்டும். உலகம் பெரிது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். காலையில் வி.டி.யில் ஆரம்பியுங்கள். சிங்கத்தையும் புலியையும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நடந்துபோய் ராஜாபாய் கோபுரத்தைப் பாருங்கள். 2025 அக்டோபரிலிருந்து மெட்ரோ இருக்கிறது. வி.டி. நிலையத்தில் ஏறினால் அதே வண்டி தாராவியில் இறக்கிவிடும். பிள்ளையார் கோயிலில் ஒரு தேங்காய் உடையுங்கள். கும்பார்வாடாவில் ஒரு பானை வாங்குங்கள். படம் எடுக்கும் முன் கேட்டு எடுங்கள், வீட்டுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். அது கண்காட்சி அல்ல, ஆட்கள் வாழும் ஊர். பிறகு தண்டவாளத்தைக் கடந்து மாட்டுங்காவில் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பலாம்.

வீட்டில் எண்பதைத் தாண்டியவர்கள் இருந்தால், அவர்கள் எந்த வருஷம், எந்த ரயிலில், யாரை நம்பி வந்தார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என் அப்பாவிடம் நான் கேட்டது கொஞ்சம்தான். கேட்காமல் விட்டது நிறைய. தாதரில் வழி சொன்னவர் யார், முதல் சம்பளம் எவ்வளவு, அன்று இரவு என்ன சாப்பிட்டார், எனக்குத் தெரியாது.

அந்த நெதர்லாந்துப் பெண்மணியின் பெயரையும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையை முதலில் அவருக்குத்தான் கடிதமாக எழுதியிருப்பேன்.